லைட் பிடிப்பவரின் நிலைப்பாடு: ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழ்த் திருமணங்களைப் பற்றிய ஆய்வுகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. தாலியின் தோற்றம், நலங்குப் பாட்டு, சீர்வரிசை, தாய்மாமன் உரிமை, மொய் நோட்டின் பொருளியல் என்று எதை எடுத்தாலும் அதற்கொரு ஆய்வேடு ஏதேனும் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தட்டில் உறங்கிக்கொண்டிருக்கும். பாயசம் ரசத்துக்கு முன்னா பின்னா என்ற வாதத்தைக்கூட இரு தரப்பாரும் சளைக்காமல் நடத்திவருகிறார்கள். ஆனால் மணமேடை ஓரத்தில், கையில் ஒரு கம்பும் கம்பின் நுனியில் ஒரு விளக்குமாக நாள் முழுதும் நிற்கும் ஒருவரைப் பற்றி மட்டும் ஒரு பக்கம்கூட எழுதக் காணோம். ஃபோட்டோகிராபரின் உதவியாளர்தான் அவர்.

அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது. ஆய்வாளருக்கு வேறு வேலை இல்லாததும் ஒரு காரணம் என்பாரும் உளர். எந்த ஆய்வைத்தான் அப்படிச் சொல்லவில்லை?

கருதுகோள்: கல்யாணத்துக்கு வந்த எல்லாரையும் எல்லாருக்கும் தெரியவைப்பவர் எவரோ, அவரை எவருக்கும் தெரியாது.

ஆய்வு எல்லை: தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபங்களில் முதல் நாள் மாலை பெண்ணழைப்பு தொடங்கி, மறுநாள் மண்டபத்துக்காரர் ஃபேனை நிறுத்தும் வரையுள்ள காலம். சினிமா லைட்மேன்களை இவ்வாய்வு சேர்க்கவில்லை. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. பாஸ்போர்ட் சைஸ் ஸ்டுடியோக்களும் சேரா. அங்கே உதவியாளரின் பணி “தலையக் கொஞ்சம் நிமிர்த்துங்க” என்பதோடு முடிந்துவிடுகிறது. கைக்குழந்தையைக் கூடைக்குள் படுக்கவைத்து எடுக்கும் படங்கள் தனி ஆய்வுக்கு உரியன. அங்கே கிலுகிலுப்பை ஆட்டுபவரின் துயரம் இக்கட்டுரையில் அடங்காது.

ஆய்வு மூலங்கள்: முதன்மை மூலம், கல்யாண ஆல்பம். துணைமை மூலம், மண்டபத்தின் பின்கட்டில் கைகழுவும் இடத்தருகே கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்திருக்கும் உதவியாளர்களின் வாய்மொழி.

இயல் 1: வரலாற்றுப் பின்புலம்

புகைப்படக்கலை 1839இல் பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு மறுநாளே யாரோ ஒருவர் இன்னொருவரிடம் “இதைக் கொஞ்சம் பிடி” என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது எம் துணிபு. இதற்குச் சான்று கேட்போர் அக்காலத்துக் கேமரா ஒன்றைத் தூக்கிப் பார்க்கலாம்.

1851இல் ஃப்ரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரத் தகட்டு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, ஈரம் காய்வதற்குள் படமும் எடுத்து, கழுவியும் முடித்துவிட வேண்டும். ஆகவே ஃபோட்டோகிராபர் போகும் இடமெல்லாம் இருட்டறையும் போயாக வேண்டும். இருட்டறைக்குக் கால் கிடையாது. கால் கொடுத்தவர் உதவியாளர்.

1855இல் ரோஜர் ஃபென்டன் கிரிமியப் போரைப் படமெடுக்கப் போனார். ஒயின் வியாபாரி ஒருவரின் பழைய வண்டியை வாங்கி இருட்டறையாக மாற்றிக்கொண்டு போனார். வண்டியோட்டி, உதவியாளர் இரண்டும் மார்க்கஸ் ஸ்பார்லிங் என்பவர். பீரங்கிக் குண்டுகள் விழும் பள்ளத்தாக்கு ஒன்றுக்குள் நுழைய வேண்டிய நாள் வந்தது. ‘வண்டியும் நானும் திரும்பி வருவோமோ என்னவோ, அதற்கு முன் எங்களை ஒரு படம் எடுத்துவிடுங்களேன்’ என்று ஸ்பார்லிங் யோசனை சொன்னார். ஃபென்டனும் எடுத்தார். வண்டியின் மேல் ஸ்பார்லிங் உட்கார்ந்திருக்கும் அந்தப் படம் இன்றும் இருக்கிறது. உதவியாளர் ஒருவர் தம் படத்தைப் பெறுவதற்கு எவ்வளவு பெரிய சூழ்நிலை தேவைப்பட்டிருக்கிறது என்பதை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும்.

இந்தியாவுக்கு வருவோம். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம் ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, 18 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக ஆக்கினார். அதை ஆல்பத்தில் வைக்க முடியாது; பந்திப் பாயாக வேண்டுமானால் விரிக்கலாம். கருவிகள் மாட்டு வண்டியில் போயின. டிரைப்பின் பெயரில் அருங்காட்சியகங்களில் கண்காட்சிகள் நடந்திருக்கின்றன. மாட்டைப் பிடித்தவர், பெட்டியை இறக்கியவர், வெயிலில் துணியைத் தூக்கிப் பிடித்தவர் ஆகியோரின் பெயர்கள் படத்தின் அடியில் இல்லை.

1866இல் சாமுவேல் போர்ன் இமயமலைக்குப் போனபோது சுமார் 80 சுமையாட்கள் கூடப் போனார்கள். 18,600 அடி உயரத்தில் மணிரங் கணவாயில் படமெடுத்துச் சாதனை படைத்தவர் போர்ன் என்று நூல்கள் கூறுகின்றன. கேமரா அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதையும், அது தானாக நடந்து போயிருக்காது என்பதையும் இவ்வாய்வு பணிவுடன் சுட்டுகிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் நிலைமை இன்னும் தெளிவு. 1862இல் ஆன்டீட்டம் போர்க்களத்தில் கிடந்தவர்களைப் படமெடுத்தவர்கள் மாத்யூ பிரேடியிடம் வேலை பார்த்த அலெக்சாண்டர் கார்ட்னரும் ஜேம்ஸ் கிப்சனும். படங்கள் தொங்கியதோ நியூயார்க்கில் பிரேடியின் கூடத்தில். பத்திரிகை பாராட்டியது பிரேடியை. கார்ட்னர் பிரேடியை விட்டு விலகி வாஷிங்டனில் சொந்தக் கடை வைத்தார். 1866இல் தாம் வெளியிட்ட போர்ப்பட நூலில் எந்தப் படத்தை எவர் எடுத்தார் என்று ஒவ்வொன்றின் கீழும் பெயர் போட்டார்.

ஆக, உதவியாளரின் பெயர் வரலாற்றில் நிற்க இரண்டே வழிகள். ஒன்று, ஸ்பார்லிங்கைப் போலச் சமயம் பார்த்துக் கேட்டு வாங்குவது. இரண்டு, கார்ட்னரைப் போலத் தனிக்கடை போடுவது. தமிழ்நாட்டு உதவியாளர்கள் பெரும்பாலும் இரண்டாம் வழியையே தேர்கிறார்கள் என்பதற்கு நம் ஊர்க் கடைத்தெருக்களே சான்று.

இயல் 2: பௌதிகம்

2.1 மரியாதையின் விலை. ஒளியியலில் எதிர் இருமடி விதி என்று ஒன்று உண்டு. விளக்கு இருக்கும் தூரத்தின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் வெளிச்சம் குறையும். இதை நாம் பள்ளிக்கூடத்தில் 2 மதிப்பெண்ணுக்குப் படித்து மறந்துவிட்டோம். உதவியாளரால் மறக்க முடியாது. மணமகளுக்கு 5 அடி தூரத்தில் லைட்டைப் பிடித்து நிற்கிறார். அத்தை ஒருவர் ஆரத்தித் தட்டோடு வருகிறார். மரியாதைக்காக உதவியாளர் 2 அடி பின்வாங்குகிறார். 5 என்பது 7 ஆயிற்று. இருமடிக் கணக்கில் 25 என்பது 49 ஆயிற்று. மணமகள் முகத்தில் விழுந்த வெளிச்சம் ஏறக்குறையப் பாதி. அத்தைக்கு இது தெரியாது. ஃபோட்டோகிராபருக்குத் தெரியும். “எங்கடா போற?” என்கிறார். தமிழ்க் கல்யாணத்தில் மரியாதையின் விலை பாதி வெளிச்சம், அதாவது ஒரு ஸ்டாப் என்று இவ்வாய்வு முதன்முறையாக அளந்து சொல்கிறது.

2.2 வலியின் இடப்பெயர்ச்சி. 2 கிலோ லைட்டைக் கையோடு அணைத்துப் பிடித்தால் அது 2 கிலோதான். அதையே 5 அடிக் கம்பின் நுனியில் மாட்டிச் சாய்த்துப் பிடித்தால், நெம்புகோல் விதி மணிக்கட்டுக்கு வேறு கணக்குச் சொல்லும். முதலில் தோள் வலிக்கிறது. பிறகு வலி முதுகுக்குக் குடிபெயர்கிறது. ரிசப்ஷன் வரிசை மண்டப வாசலைத் தாண்டும் நேரத்தில், வலிக்காத இடம் எது என்று தேட வேண்டியிருக்கிறது.

2.3 கோப முகங்களின் காலம். வீடியோ கேசட் காலத்தில் 1000 வாட் ஹாலஜன் விளக்கைத் தூக்கி நின்ற தலைமுறை ஒன்று உண்டு. பின்னால் ஒயரைச் சுற்றிக்கொண்டே வர இன்னொருவர். ஹாலஜனின் நிறம் 3200 கெல்வின், அதாவது நல்ல மஞ்சள். சூடோ இட்லிப்பானை அருகே நிற்பதற்குச் சமம். அந்தக் காலத்துக் கல்யாண கேசட்டுகளில் ஊரே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கோபமாக இருப்பதற்குக் குடும்பப் பகை காரணமன்று, விளக்கே காரணம். இன்று எல்.இ.டி. வந்துவிட்டது. சூடு குறைந்தது. ஆனால் மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்.இ.டி. திரையும் கூடவே வந்துவிட்டது. திரையில் ஊதாப்பூ மலர்ந்தால் மாப்பிள்ளையின் காதும் ஊதாவாகிறது. அந்தக் காதை மாநிறத்துக்கு மீட்டுக் கொடுக்கும் பொறுப்பும் உதவியாளரின் 5500 கெல்வின் விளக்கையே சேர்கிறது.

2.4 இரண்டு நொடிக் கோட்பாடு. ஒரு கல்யாணத்தில் 2,000 படங்கள் எடுத்தார்கள் என்று கொள்வோம். ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் திறந்திருந்த நேரம் 200இல் ஒரு பங்கு நொடி என்றால், எல்லாம் சேர்த்து 10 நொடி. அரை வலுவில் வைத்த சிறிய ஃபிளாஷ் மின்னும் நேரமோ ஏறக்குறைய 1000இல் ஒரு பங்கு நொடி. எல்லாம் சேர்த்து 2 நொடி. முகூர்த்தத்துக்காக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, இரவு பத்து மணிக்கு மூட்டை கட்டும் ஒருவருடைய விளக்கு உண்மையில் எரிந்தது இரண்டே நொடி. மீதி நேரம் முழுதும் அவர் அந்த இரண்டு நொடிக்காகக் காத்திருந்தார். இதைக் கணக்குப் பார்த்துக் கூலியைக் குறைக்கலாமா என்று ஸ்டுடியோ முதலாளிகள் சிலர் யோசிக்கக்கூடும் என்பதால், இப்பகுதியை அவர்களுக்குக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

2.5 வளையத்தை மடக்குதல். வெளிப்புறப் படங்களுக்கு ரிஃப்ளெக்டர் என்ற வட்டத் துணி உண்டு. எஃகு வளையத்தின் மேல் வெள்ளி, தங்கம், வெள்ளை, கருப்பு என்று மாற்றி மாற்றிப் போடும் உறைகள். உள்ளே ஒளியைச் சலித்துவிடும் மெல்லிய துணி. பைக்குள் இருக்கும்போது ஓர் அடி சொச்சம். பையைத் திறந்ததும் ‘படார்’ என்று மூன்றரை அடி. திறப்பதற்குப் பயிற்சி எதுவும் வேண்டாம். அருகில் மணமகளின் சித்தப்பா இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். மடக்குவதே வித்தை. இரண்டு ஓரத்தையும் பிடித்து, ஒரு கையை முன்னாலும் மறு கையைப் பின்னாலும் திருப்பி, உள்நோக்கி அழுத்தினால் வளையம் மூன்று சுருளாகத் தானே படியும். பொறியியல் படித்த மாப்பிள்ளைத் தோழர்கள் “குடுங்க, நான் பண்றேன்” என்று வாங்கி, நெடுநேரம் போராடி, வளையத்தை எட்டு வடிவத்தில் திருப்பித் தருவது ஒவ்வொரு அவுட்டோர் ஷூட்டிலும் நிகழ்கிறது. உதவியாளர் எதுவும் பேசாமல் வாங்கி ஒரே திருகில் மடக்கிப் பையில் போடுவார். அன்றைய நாளில் அவர் கைதட்டு வாங்கும் ஒரே இடம் அது.

தடை: இவ்வளவு எதற்கு? லைட்டை ஸ்டாண்டில் மாட்டி வைத்துவிடலாமே?

விடை: வைக்கலாம். ஸ்டாண்டு மூன்று காலையும் விரித்து மண்டபத்தில் இடம் பிடிக்கும். அதைச் சுற்றிக் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். அத்தை வரும்போது ஸ்டாண்டு பின்வாங்காது. பின்வாங்கியதற்குத் திட்டினால் கேட்டுக்கொள்ளவும் செய்யாது. ஆகவே ஸ்டாண்டு உதவியாளருக்கு ஈடாகாது என்க.

இயல் 3: கண்சாடை இலக்கணம்

கெட்டிமேளம் முழங்கும் இடத்தில் வாய்ச்சொல்லால் பயனில்லை. ஆகவே ஃபோட்டோகிராபருக்கும் உதவியாளருக்கும் இடையே தனி மொழி ஒன்று வளர்ந்திருக்கிறது. ஃபோட்டோகிராபரின் வலக்கண் கேமராவில் ஒட்டியிருக்கும். வலக்கை ஷட்டரில் இருக்கும். எஞ்சியவை இடக்கையும் இடப் புருவமும். இவ்விரண்டைக் கொண்டே அம்மொழி பெரும்பாலும் இயங்குகிறது.

ஆட்காட்டி விரல் மேலே உயர்ந்தால், லைட்டை உயர்த்து. உள்ளங்கை கவிழ்ந்தால், இறக்கு. மணிக்கட்டு சுழன்றால், விளக்கின் முகத்தைத் திருப்பு. புருவம் ஒருமுறை ஏறினால், நீ படத்துக்குள் வருகிறாய். இருமுறை ஏறினால், நீ இன்னும் படத்துக்குள்தான் இருக்கிறாய். நாக்கு ‘த்ச்’ என்றால், உன் நிழல் மாமனார் மேல் விழுகிறது. கை பின்பக்கமாக நீண்டு வெற்றாக நின்றால், அடுத்த லென்ஸை வை.

லென்ஸ் மாற்றுவதற்குத் தனி நெறி உண்டு. கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும்; இல்லையேல் அட்சதைத் தூளும் ஹோமச் சாம்பலும் உள்ளே குடியேறும். கொடுப்பவர் விட்டுவிட்டார் என்று வாங்குபவர் எண்ணுவதும், வாங்கிவிட்டார் என்று கொடுப்பவர் எண்ணுவதும் ஒரே கணத்தில் நிகழ்ந்தால் லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கண்ணாடி தரையில் கிடக்கும். ஆகவே வாங்குபவர் “பிடிச்சேன்” என்று வாய்விட்டுச் சொல்லிய பிறகே கொடுப்பவர் விடுவார். இம்மொழியில் வாய்ச்சொல் கட்டாயமாகும் இடம் இது ஒன்றே.

இன்னொரு விதிவிலக்கும் கண்டறியப்பட்டது. நாள் முழுவதும் “தம்பி” என்றும் “டேய்” என்றும் அழைக்கப்படுபவரை அவருடைய முழுப்பெயர் சொல்லி ஃபோட்டோகிராபர் நிதானமாக அழைத்தால், மாற்று பேட்டரி சார்ஜ் ஏற்றப்படவில்லை என்று பொருள்.

இயல் 4: விலக்கியல்

ஃபோட்டோகிராபியின் பாடநூல்கள் லைட்டை முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில் வைக்கச் சொல்கின்றன. அந்த 45 டிகிரியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. தமிழ்நாட்டு மணமேடையில் ஒரு பக்கத்து 45 டிகிரியில் புரோகிதர், மறுபக்கத்து 45 டிகிரியில் பெண்ணின் தாய்மாமன். இருவரையும் அசைக்க முடியாது. நடுவில் ஹோமம். புகையில் உதவியாளரின் கண் கலங்குகிறது. அதைக் கண்டு “பாவம், அந்தத் தம்பி கூட அழுவுது” என்று பெண்ணின் பெரியம்மா நெகிழ்ந்துபோவதும் உண்டு.

தாலி கட்டும் நேரம் இவ்வியலின் உச்சம். கெட்டிமேளம் கேட்டதும் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுகிறார்கள். எழுந்த அத்தனை பேரும் செல்ஃபோனை உயர்த்துகிறார்கள். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடும்போது நாத்தனார் மணமகளுக்குப் பின்னால் வந்துவிடுவார். மற்ற முடிச்சுகளை அவர் போட வேண்டும். கழுத்துக்கும் விளக்குக்கும் இடையே அவருடைய தலை, தலையில் மல்லிகைப்பூ. இதை முன்னரே அறிந்து லைட்டை மேலேற்றி, முன்புறமாகச் சாய்த்து வைத்திருப்பவர் நல்ல உதவியாளர். நாத்தனார் வந்த பிறகு ஏற்றுபவர் புதியவர். அட்சதை முழுவதையும் முகத்தில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிவிடுபவர் மறுவாரம் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

கூட்டத்தை விலக்குவதில் பெரும் நுட்பம் உண்டு. “மறைக்காதீங்க, தள்ளுங்க” என்றால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், “பொண்ணோட தாத்தாவையே தள்ளச் சொல்றியா?” என்று கேள்வி வரும். தேர்ந்த உதவியாளர், “பெரியப்பா, அரை அடி இந்தப் பக்கம் வந்தீங்கன்னா நீங்களும் படத்துல நல்லா விழுவீங்க” என்பார். பெரியப்பா துண்டைச் சரிசெய்துகொண்டு ஓர் அடியே தள்ளி நிற்பார். அவர் படத்தில் விழுந்தாரா என்று ஆல்பம் வந்த பிறகுதான் தெரியும். அப்போது உதவியாளர் வேறு மண்டபத்தில் வேறு பெரியப்பாவிடம் அதே அரை அடியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

முன்பின் அறியாத குடும்பத்தின் உறவுமுறையை அவர் அரை மணி நேரத்தில் கற்றுவிடுகிறார். பட்டு வேட்டியும் வியர்வையுமாக வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் ஓடுபவர் பெண்ணின் அப்பா. ஓடாமல் நாற்காலியில் உட்கார்ந்து “என்னப்பா, இன்னும் ஆரம்பிக்கலியா” என்பவர் சம்பந்தி. இடுப்பில் சாவிக்கொத்து வைத்திருக்கும் அம்மாவை எக்காரணம் கொண்டும் பகைத்துக்கொள்ளக் கூடாது. சார்ஜர் போட்டிருக்கும் அறையின் சாவியும் அதில்தான் இருக்கிறது. குரூப் ஃபோட்டோவுக்கு ஆள் சேர்க்கும்போது “சின்ன மாமா எங்க?” என்று கேட்டால் ஒரு மௌனம் விழும். அந்த மௌனத்தின் நீளத்தை வைத்து அது நிலத்தகராறா, போன கல்யாணத்துப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன விவகாரமா என்று அனுபவசாலிகள் கணித்துவிடுவார்கள். கணித்ததை வெளியில் சொல்வதில்லை. தொழில் தர்மம்.

இயல் 5: பந்தியும் பதவி உயர்வும்

பந்தியில் சாப்பிடுவோரைப் படமெடுக்கும் வழக்கம் ஏன் தோன்றியது என்பதற்கு நியாயமான விளக்கம் இல்லை. வாயில் அப்பளத்தோடு இருப்பவர் மேல் வெளிச்சம் விழுகிறது. அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார். “சாப்புடும்போது எதுக்குத் தம்பி” என்று சொல்லிக்கொண்டே சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்கிறார். இவ்வளவுக்கும் லைட்டைப் பிடித்திருப்பவர் இன்னும் சாப்பிடவில்லை. ஒவ்வோர் இலையிலும் எது எங்கே இருக்கிறது என்பதைச் சரியான நிற வெப்பநிலையில் பார்த்துக்கொண்டு நடக்கிறார். மண்டபத்தில் உள்ளவர்களிலேயே பாயசத்தின் உண்மையான நிறம் அறிந்தவர் அவர் ஒருவரே.

அவர் உட்காரும்போது கடைசிப் பந்தி. “பாயசம் தீந்துருச்சு தம்பி, மோர் ஊத்தவா?” ரசம் விட்டுப் பிசைந்து முதல் கவளம் எடுக்கும்போது செல்ஃபோன் அடிக்கிறது: “மேல வா, மாப்பிள்ளை ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் வந்துட்டாங்க.” பேசிய ஒப்பந்தத்தில் ‘சாப்பாடு உண்டு’ என்று இருக்கிறதே என்பார்க்கு, சாப்பாடு உண்டு, சாப்பிட நேரம் உண்டு என்று சொல்லப்படவில்லை என்க.

இப்பந்தியே அவருடைய பதவி உயர்வுக்கும் வாயில். இத்துறையில் படிநிலை வளர்ச்சி மிகத் தெளிவானது. முதலில் பையைத் தூக்க வேண்டும். பிறகு லைட். பிறகு மெமரி கார்டுகளின் காவல். நிறைந்த கார்டையும் வெற்றுக் கார்டையும் கலந்துவிடாமல் காப்பவரே அடுத்த படிக்குத் தகுதி பெறுவார். அதன்பின் ஒரு நாள் ஃபோட்டோகிராபர் பழைய கேமரா ஒன்றைக் கையில் கொடுத்து, “பந்திய எடுத்துட்டு வா” என்பார். பந்தி தவறினால் குடி முழுகாது. அடுத்த பந்தி வரும். பந்தியிலிருந்து வரவேற்பு மேசைக்கு, அங்கிருந்து நலங்குக்கு, பிறகு ரிசப்ஷனுக்கு. தாலி கட்டுவதை மட்டும் எளிதில் தரமாட்டார்கள். “இன்னொரு தடவ கட்டுங்க” என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியாதல்லவா? தாலிப் படம் கையில் வந்த அன்று உதவியாளர் ஃபோட்டோகிராபர் ஆகிறார். அடுத்த மாதம் அதே தெருவின் மறுகோடியில் ஒரு புதிய போர்டு ஏறுகிறது.

இவ்வளர்ச்சிக்கு ஆண்டில் இருமுறை இடைவேளை உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அப்போது லைட்டுகள் சர்வீஸுக்குப் போகின்றன. உதவியாளர் வீட்டுக்குப் போகிறார். அவர் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாம் என்று அம்மா சொல்கிறார். “தையில வெச்சுக்கலாமா?” தையில் முடியாது, எல்லா முகூர்த்த நாளும் புக் ஆகியிருக்கிறது.

இயல் 6: தடயவியல்

இனி முதன்மை மூலமாகிய ஆல்பத்துக்குள் நுழைவோம். உதவியாளர் அங்கே இருந்தார் என்பதற்குச் சான்று கிடைக்கிறதா? உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பக்கம் பக்கமாகத் தேடியதில் பின்வரும் தடயங்கள் அகப்பட்டன: சீர்வரிசை வெள்ளிக் குடத்தின் வயிற்றில் வளைந்து தெரியும் ஒரு நீண்ட உருவம். மாமனாரின் மூக்குக் கண்ணாடியில் வெள்ளைக் கட்டம். குத்துவிளக்குக்குப் பின்னால் சுவரில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நிழல். ஒரே ஒரு படத்தின் ஓரத்தில், கம்பைப் பிடித்த நான்கு விரல்கள்.

ஆனால் இவை வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரும் ஆல்பத்தில் இரா. டிசைனிங்கின்போது அழிக்கப்பட்டுவிடும். அழிப்பவர் யார் என்று விசாரித்ததில் இவ்வாய்வின் முதன்மையான கண்டுபிடிப்பு கிட்டியது. சிறிய ஸ்டுடியோக்களில் பெரும்பாலும் அழிப்பவரும் அவரே. முகூர்த்தம் இல்லாத நாளில் ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஃபோட்டோஷாப்பைத் திறந்து, தம் நிழலைச் சுவரின் நிறத்தால் மெழுகி, தம் விரல்களின் மேல் திரைச்சீலையைப் படியெடுத்து ஒட்டி, குடத்தின் வயிற்றிலிருந்து தம்மைத் துடைத்தெடுக்கிறார். தாம் இருந்த சுவட்டைத் தாமே சம்பளத்துக்கு அழிக்கும் தொழில் வேறொன்று எமக்குத் தென்படவில்லை. சித்தர்கள் செய்தார்கள் என்பர். ஆனால் அவர்கள் மாதச் சம்பளம் பெறவில்லை.

ஒரு தடயத்தை மட்டும் அவர் தொடுவதில்லை. மணமகளின் கருவிழியைப் பெரிதாக்கிப் பார்த்தால் எண்கோண வடிவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அது அவர் பிடித்த விளக்கில் மாட்டிய சாஃப்ட்பாக்ஸின் பிரதிபலிப்பு. அதை அழித்தால் கண்ணில் உயிர் இராது என்பது ஃபோட்டோகிராபர் அனைவரும் ஒப்பிய விதி. ஆகவே ‘எவருக்கும் தெரியாது’ என்ற எம் கருதுகோள் ‘எவருக்கும் தெரியாது, மணமகளின் கருவிழி நீங்கலாக’ என்று திருத்தப்படுகிறது.

முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகளாவன: உதவியாளர் வெளிச்சத்தைப் பிடிக்கிறார் என்பது மேலோட்டமான கருத்து, அவர் பிடித்திருப்பது கல்யாணத்தின் ஒழுங்கு. ஃபோட்டோகிராபர் ஒரு கண்ணால் பார்ப்பதை அவர் இரு கண்ணாலும் பார்க்கிறார். ஃபோட்டோகிராபர் ஆவதற்கு அவர் கற்கும் பாடங்களில் கேமரா கடைசிப் பாடம். முதல் பாடம் அத்தை.

பரிந்துரைகள்: ஒன்று, ஸ்டுடியோக்காரர்கள் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் தங்கள் முத்திரைக்குக் கீழே லைட் பிடித்தவரின் பெயரையும் போட வேண்டும். கார்ட்னர் 1866இலேயே செய்து காட்டியதைச் செய்யப் பெரிய செலவு ஆகாது. இரண்டு, கல்யாண வீட்டார் அவரை இரண்டாம் பந்தியில் உட்காரவைக்க வேண்டும். அவர் சாப்பிடும் பதினைந்து நிமிடத்தில் வரும் விருந்தினர் சற்றே இருண்டு தெரிந்தால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

மேலாய்வுக்குரிய களங்கள்: ட்ரோன் பறக்கவிடுபவரும் பந்தல்காரரும் குறித்த ஓர் ஒப்பீடு; ஒயர் சுற்றும் கலையின் மறைவு; மாப்பிள்ளைத் தோழர்களும் ரிஃப்ளெக்டரும்.

வாசகருக்கு இறுதியாக ஒன்று. அடுத்த கல்யாணத்தில் “பெரியப்பா, அரை அடி இந்தப் பக்கம்” என்று ஒரு குரல் கேட்டால், காரணம் கேட்காமல் தள்ளி நில்லுங்கள். பாயசம் தீர்வதற்குள் அந்தத் தம்பிக்கு ஒரு டம்ளர் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, அவர் பெயரையும் ஒருமுறை கேளுங்கள். பேட்டரி எதுவும் தீர்ந்துவிடவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.